பெல்ட்டைக் கட்டிவிடும் கைகளுக்கு: டேக்வாண்டோ பயிற்சியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாஸ்டர்களுக்கும், பெல்ட் தேர்வுகளில் மேசைக்குப் பின்னால் அமர்ந்து மதிப்பெண் இடும் தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

38 வயதில் முதன்முறையாக வெள்ளை பெல்ட்டை இடுப்பில் சுற்றி, அதற்கு முடிச்சுப் போடத் தெரியாமல் அப்போது எட்டு வயதாயிருந்த என் மகளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவள் நான். இப்போது நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கறுப்பு பெல்ட்டின் முதல் நிலையான முதல் டான் பெற்று ஓராண்டு முடியப்போகிறது. 15 வயது நிரம்பாதவர்களுக்குக் கறுப்பு பெல்ட்டுக்கு ஈடாகத் தரப்படும், பாதி சிவப்பும் பாதி கறுப்புமான பூம் பெல்ட்டை என் மகள் கட்டுகிறாள். முதல் டானுக்கும் இரண்டாம் டானுக்கும் இடையே டேக்வாண்டோவின் உலகத் தலைமையகமான குக்கிவொன் விதிக்கும் குறைந்தபட்ச இடைவெளியாகிய ஓராண்டு முடிந்ததும் நான் மீண்டும் உங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்கு முன்னால் சில செய்திகளை எழுத்தில் சொல்லிவிட விரும்புகிறேன். வகுப்பில் வரிசையில் நின்றுகொண்டு இவற்றைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஏன் வராது என்பதுதான் இந்த மடலின் பொருளும்கூட.

பயிற்சிக்கூடங்களின் வாசல் பலகைகளில் இரண்டு சொற்கள் தவறாமல் இருக்கும்: ஒன்று தற்காப்பு, மற்றொன்று ஒழுக்கம். முதல் சொல்லை நம்பி நான் சேர்ந்தேன், இரண்டாவதை நம்பி என் மகளைச் சேர்த்தேன். பெற்றோரில் பெரும்பாலானோர் கணக்கும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். இந்த இரண்டு வாக்குறுதிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்று நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இன்று பல கூடங்களில் ஒழுக்கம் கற்பிக்கப்படும் விதம், தற்காப்பின் முதல் பாடத்தையே மாணவரிடமிருந்து பறித்துவிடுகிறது என்பது என் நான்காண்டு அனுபவத்தின் முடிவு.

குறை சொல்வதற்கு முன்னால், பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆப் சாகி என்னும் முன்னுதையில் முட்டியை முதலில் உயர்த்து, பிறகு காலை நீட்டு, நீட்டிய வேகத்திலேயே மடக்கி எடு, அதன் பின்பே தரையில் வை என்று ஒவ்வொரு உதையையும் நான்காகப் பிரித்து, ஹானா, துல், செத், நெத் என்று கொரிய மொழியில் எண்ணி எண்ணி நீங்கள் செய்ய வைத்த அந்த ஆயிரக்கணக்கான தடவைகள், இருபது ஆண்டு நாற்காலி வேலையில் மரத்துப்போயிருந்த என் இடுப்பை எனக்கே திருப்பித் தந்தன. பூம்சே என்னும் அசைவுக் கோவைகளில், தேகுக் வரிசையின் முதலாவதில் 18 அசைவுகள். அவற்றை ஒழுங்காகச் செய்ய எனக்கு நான்கு மாதம் பிடித்தது. வானத்தைக் குறிக்கும் அந்த முதல் பூம்சேயிலிருந்து மண்ணைக் குறிக்கும் எட்டாவது பூம்சே வரை வந்து சேர்ந்தபோது, ஒரு வேலையைச் சலிக்காமல் தொடர்வது எப்படி என்பதை வேறெங்கும் கற்காத அளவுக்குக் கற்றிருந்தேன். வயிற்றிலிருந்து எழும் கிஹாப் ஒலிக்கு நான் பட்டிருக்கும் கடன் தனி. முதல் மூன்று மாதம் எனக்குக் குரலே எழவில்லை. சத்தமாகப் பேசாதே என்று கேட்டு வளர்ந்த ஒருத்தியின் தொண்டையிலிருந்து அந்த ஒலியை வரவழைத்தவர் என் மாஸ்டர்.

அறிமுக வகுப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் வரலாற்றையும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. இது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கலை, பழைய கொரிய அரசான கோகுர்யோவின் கல்லறை ஓவியங்களில் இதன் நிலைகள் தீட்டப்பட்டுள்ளன, சில்லா நாட்டின் ஹ்வாராங் இளைஞர்கள் இதைப் பயின்றார்கள் என்று கேட்டோம். கொரியாவில் பழைய போர்க்கலைகள் இருந்தன என்பதில் ஐயமில்லை. 1790இல் தொகுக்கப்பட்ட முயே தோபோ தோங்ஜி என்னும் போர்க்கலைக் கையேடு இன்றும் இருக்கிறது. தெக்கியோன் என்னும் பழைய கால் ஆட்டக்கலையை 2011இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் நாம் பயிலும் டேக்வாண்டோ இருபதாம் நூற்றாண்டில் பிறந்த குழந்தை. 1910 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சி முடிந்த காலத்தில் சியோலில் தோன்றிய குவான் என்னும் பள்ளிகளை நிறுவியவர்களில் பலர் ஜப்பானில் கராத்தே கற்றவர்கள். சுங் தோ குவானை நிறுவிய லீ வொன் குக், டேக்வாண்டோ என்ற பெயரை 1955இல் முன்வைத்த சோய் ஹோங் ஹி ஆகிய இருவரும் அந்த வழியில் வந்தவர்களே. தே என்பது கால், க்வொன் என்பது கைமுட்டி, தோ என்பது நெறி. 1966இல் சோய் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பாகிய ஐ.டி.எஃப். அமைப்பைத் தொடங்கினார், 1972இல் குக்கிவொன் எழுந்தது, 1973இல் இன்றைய உலக டேக்வாண்டோ அமைப்பு தோன்றியது. நம் தாத்தா பாட்டிகளின் வாழ்நாளுக்குள் அடங்கிவிடும் வரலாறு இது.

இதைச் சுட்டுவது கலையைச் சிறுமைப்படுத்துவதற்காக அன்று. பல குவான்கள் தங்கள் தனிப் பெயர்களை விட்டுக்கொடுத்து ஒன்று கூடின. பழைய பால்குவே பூம்சேக்கள் பெரும்பாலும் ஒதுங்கித் தேகுக் வரிசை வந்தது. ஆட்ட விதிகள் ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் மாறின. எல்லா மாற்றங்களும் கூடி அமர்ந்து பேசிய மனிதர்கள் செய்தவை. ஆகையால் வகுப்பில் ஒன்றை மாற்றுங்கள் என்று கேட்டால், இது தொன்மையான மரபு, மாற்றக்கூடாது என்ற பதிலை நான் ஏற்பதற்கில்லை.

இனி தற்காப்புக்கு வருகிறேன். நம் வாரப் பயிற்சியில் பெரும்பங்கு நேரம் கியோருகி என்னும் நேருக்கு நேர் ஆட்டத்துக்கும், கியோருகிக்கான உதைகளுக்கும் போகிறது. அதன் விதிகளை நீங்கள் அறியாதவர்கள் அல்லர், இருந்தாலும் ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். உலக டேக்வாண்டோ முறையில் முகத்தில் கையால் குத்தக்கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கக்கூடாது, எதிராளியைப் பிடிக்கக்கூடாது, கீழே விழுந்தவரைத் தாக்கக்கூடாது. மார்புக்கவசத்தில் குத்துக்கு ஒரு புள்ளி, உதைக்கு இரண்டு, தலையில் பட்டால் மூன்று, சுழன்று உதைத்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதல். இந்தக் கணக்கு ஆட்டத்தை அழகாக்குகிறது. சுழன்று வரும் த்வி சாகி என்னும் பின்னுதை ஒன்று கவசத்தில் இறங்கும் ஓசையைக் கேட்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஆனால் உடல் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதையே நெருக்கடியிலும் செய்யும். முகத்துக்குக் குத்து வராது என்று நான்காண்டு பழகியவர் கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறார். உணர்வி பொருத்திய மின்னணுக் கவசங்கள் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து நிலைபெற்ற பிறகு, முன்காலைத் தூக்கியபடியே நொண்டி நொண்டி எதிராளியின் கவசத்தைத் தொடும் ஆட்டமுறை பரவிவிட்டது. அரங்கில் அதற்குப் புள்ளி கிடைக்கும். மாடிப்படியில், புடவையோ இறுக்கமான காற்சட்டையோ அணிந்து, தோளில் பையுடன் நிற்கும் ஒருத்தி ஒற்றைக் காலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

ஐ.டி.எஃப். முறையில் முகத்துக்குக் கை நீட்டலாம், அந்த அளவில் அது ஒரு படி அருகில் வருகிறது. எனினும் அங்கும் பிடிகளுக்கு ஆட்டத்தில் இடமில்லை. ஆனால் தொல்லை தருபவர் முதலில் செய்வது பிடிப்பதுதான்: மணிக்கட்டை, தலைமுடியை, தோளை, ஆடையை. பிடியிலிருந்து விடுபடும் கலை கொரியாவில் இல்லாமல் இல்லை. சோய் யோங் சுல் கற்பித்ததிலிருந்து வளர்ந்த ஹாப்கிதோ, மூட்டுப் பூட்டுகளையும் பிடி விடுவிப்பையும் மையமாகக் கொண்டதுதான். நம் கூடங்களிலும் ஹோஷின்சுல் என்ற பெயரில் அதன் ஒரு பகுதி பாடத்திட்டத்தில் இருக்கிறது. இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல முடியும். நான் பார்த்தவரையில், தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில், வகுப்பு முடியும் தறுவாயில் பத்து நிமிடம் அதற்கு ஒதுக்கப்படுகிறது. யார் பிடிப்பார், எந்தக் கையைப் பிடிப்பார், எப்போது விடுவார் என்பதெல்லாம் ஒத்திகை பார்த்த நாடகம். என் முதல் டான் தேர்வில் என்னைப் பிடித்த தோழி, நான் திரும்புவதற்கு முன்பே விழத் தயாராகிவிட்டாள். தேர்வாளர்கள் தலையசைத்து மதிப்பெண் இட்டார்கள்.

அந்த பெல்ட் வந்து மூன்று வாரம் கழித்து, வீட்டு விசேஷம் ஒன்றில் சித்தப்பா முறையுள்ள ஒருவர், "பிளாக் பெல்ட்டு வாங்கிட்டியாமே, எங்க, இதை விடுவிச்சுக்கோ பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பற்றினார். அவர் நல்ல மனிதர், விளையாட்டாகத்தான் செய்தார். பயின்றபடியே ஓர் அடி பக்கவாட்டில் எடுத்து வைத்துக் கையைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிடி எவ்வளவு வலுவானாலும் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம்தான் அதன் பலவீனமான பகுதி, அந்தத் திசையில்தான் மணிக்கட்டை இழுக்க வேண்டும், முழங்கையை உடலோடு ஒட்டிவைத்து உடலின் எடையைக் கொண்டு இழுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், கேட்டால் சொல்லவும் செய்வேன். ஆனால் விடாமல் பிடிக்கும் ஒருவரிடம் நான் அதை ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

கை விடுபடாமல் போனதைவிட, அந்தச் சிரிப்புத்தான் பின்னால் என்னை உறுத்தியது. எனக்கு வலித்தது. "சித்தப்பா, விடுங்க" என்ற இரண்டே சொல் போதும், அவர் உடனே விட்டிருப்பார். அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நூறு பேர் நடுவில் கிஹாப் போட்டு ஓடு உடைத்த நாக்கு அது.

தற்காப்பு என்ற சொல்லின் உள்ளடக்கம் என்ன என்பதை அந்த நாளுக்குப் பிறகே தேடிப் படிக்கத் தொடங்கினேன். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் நேரும் அத்துமீறல்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அவர்களுக்கு முன்பே அறிமுகமானவர்கள். இருட்டுச் சந்தில் பாய்ந்து வரும் முகமறியாதவரை மனத்தில் வைத்து நாம் பயிற்சி கொடுக்கிறோம். வருபவரோ உறவினர், அண்டை வீட்டார், உடன் பணிபுரிபவர், ஆசிரியர். கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த வகையில் மிக முக்கியமானது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. ஆபத்தை முன்கூட்டி அடையாளம் காண்பது, தெரிந்தவரை எதிர்க்கும்போது மனத்துக்குள் எழும் தயக்கத்தைத் தாண்டுவது, வாயால் உறுதியாக மறுப்பது, பிறகு உடலால் எதிர்ப்பது ஆகியவை அதில் அடக்கம். ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, வெறும் கையேடுகள் மட்டும் பெற்றவர்களில் 9.8 விழுக்காட்டினர் வன்புணர்வுக்கு ஆளாகியிருந்தார்கள், பயிற்சி பெற்றவர்களில் அது 5.2 விழுக்காடு. ஏறக்குறைய பாதி. 12 மணி நேரத்தில் எவரும் நல்ல டோல்யோ சாகி என்னும் வட்ட உதையைக் கற்றுவிட முடியாது. அங்கே கற்பிக்கப்பட்டதில் பெரும்பகுதி, கவனிப்பதும், தயக்கத்தை உடைப்பதும், வேண்டாம் என்று சொல்வதும்தான்.

இப்போது நம் வகுப்பின் தொடக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாரியத் என்றால் அசையாமல் நிற்க வேண்டும். கியோங்னே என்றால் வணங்க வேண்டும். ஜுன்பி என்றால் தயாராக வேண்டும், ஷிஜாக் என்றால் தொடங்க வேண்டும், குமான் என்றால் நிறுத்த வேண்டும். மாஸ்டர் எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "யெஸ் மாஸ்டர்". சந்தேகம் கேட்பது எதிர்த்துப் பேசுவதாகவும், வலிக்கிறது என்பது சாக்குச் சொல்வதாகவும் பார்க்கப்படும் கூடங்களை நான் பார்த்திருக்கிறேன். தாமதமாக வந்தவருக்கு ஐம்பது தண்டால், பெல்ட் மறந்தவருக்கு மூலையில் ஒற்றைக் கால் நிற்பு. இவை எல்லாமே ஒழுக்கம் என்ற ஒரே பெயரில் நடக்கின்றன, பெற்றோராகிய நாங்களும் வாசலில் நின்று பார்த்து மகிழ்கிறோம். வீட்டில் சொல் கேளாத பிள்ளை இங்கே இமை கொட்டாமல் நிற்கிறதே என்று நானும் மகிழ்ந்தவள்தான், அதை மறைக்க விரும்பவில்லை.

என் மகளுக்குப் பத்து வயதாயிருந்தபோது, போட்டிக்கு முந்தைய முகாம் ஒன்றுக்கு வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். கால்களை இருபுறமும் விரித்து அமரும் பயிற்சியில், இன்னும் இறங்கு, இன்னும் இறங்கு என்று அவள் இடுப்பின்மீது தன் எடையை வைத்து அழுத்தினார். அவள் அழுதாள், ஆனால் ஓசையில்லாமல். அடுத்த இரண்டு வாரம் தொடையின் உட்புறத் தசை இழுத்துக்கொண்டு நொண்டினாள். "ஏண்டி, வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "மாஸ்டர் சொல்லும்போது யெஸ் மாஸ்டர்னுதானே சொல்லணும், அம்மா?" நாங்கள் இருவரும் ஒரே கூடத்தில், ஒரே பாடத்தைத்தான் கற்றிருந்தோம்.

பெரியவர் ஒருவர் தன் உடலைத் தொடும்போது, அது வலிக்கும்போதும் வாய் திறக்காமலிருப்பதே மரியாதை என்று கற்ற குழந்தைக்கு, நாம் எத்தனை உதை கற்றுக்கொடுத்து என்ன? நாளை வேறொரு பெரியவர் வேறொரு நோக்கத்தோடு தொடும்போது அவள் எந்தப் பாடத்தை நினைவுகூர்வாள்? உங்களில் மிகப் பெரும்பாலானவர்கள் பிள்ளைகள்மீது உண்மையான அக்கறை கொண்டவர்கள் என்பதை நான் அறிவேன். அந்த வெளிப் பயிற்சியாளரும் அவளுக்குப் பதக்கம் கிடைக்க வேண்டும் என்றுதான் அழுத்தியிருப்பார். ஆனால் நல்ல பயிற்சியாளரிடம் கேள்வி கேட்காமல் பணியக் கற்ற குழந்தை, கெட்டவரைப் பார்த்ததும் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிடும் என்று எதிர்பார்க்க வழியில்லை.

ஒழுக்கமே வேண்டாம் என்கிறாளோ என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஒழுக்கம் என்ற நம் சொல் ஒழுகுதல் என்பதிலிருந்து வந்தது. இடைவிடாமல் வழிந்து செல்வது, ஒருவர் தானாகவே நடந்துகொள்ளும் முறை என்பது அதன் பொருள். அதட்டலுக்கு அடங்குவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஐ.டி.எஃப். மாணவர்கள் உரக்கச் சொல்லும் ஐந்து நெறிகளில் மரியாதைக்கும் நேர்மைக்கும் விடாமுயற்சிக்கும் அடுத்து வருவது தன்னடக்கம், ஐந்தாவது எதற்கும் தளராத உள்ளம். கீழ்ப்படிதல் என்று ஒரு நெறி அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

இந்தக் கலை உண்மையிலேயே மனிதரைப் பண்படுத்துகிறதா என்ற கேள்விக்கும் ஆய்வாளர்கள் விடை தேடியிருக்கிறார்கள். 1986இல் வெளியான ட்ரல்சன் என்பவரின் சிறிய ஆய்வில், சட்டத்தை மீறி நடந்த பதின்வயதுச் சிறுவர்கள் 34 பேர் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டு ஆறு மாதம் கவனிக்கப்பட்டார்கள். தியானமும் பூம்சேயும் நெறிகளின் விளக்கமும் சேர்ந்த மரபுவழி டேக்வாண்டோ கற்றவர்களிடம் முரட்டுத்தனம் குறைந்தது. சண்டை நுட்பங்களை மட்டும் கற்றவர்களிடம் அது கூடியது. மூன்றாவது குழு ஓட்டம், கூடைப்பந்து போன்றவற்றில் ஈடுபட்டது. 34 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதைக் கொண்டு பெரிதாக முழங்கக்கூடாது. 2004இல் வெளியான லேக்ஸ், ஹொய்ட் என்பவர்களின் ஆய்வு இன்னும் பெரியது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் 207 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான உடற்கல்விக்குப் பதிலாக டேக்வாண்டோ வகுப்பு நடத்தி, அவர்களிடம் தன்னைத்தானே நெறிப்படுத்தும் திறன் மேம்பட்டதை அது கண்டது. அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு பழக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு குழந்தையும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். கேள்வியைக் கேட்பதும் குழந்தை, விடை சொல்வதும் குழந்தை. "யெஸ் மாஸ்டர்" என்பதற்கு அந்த மூன்று கேள்விகளில் இடமே இல்லை.

பெல்ட்டும் பதக்கமும் தன்னடக்கத்துக்குச் சான்று ஆகா என்பதை உலகமே ஒருமுறை பார்த்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ முதன்முதலாகப் பதக்க விளையாட்டானபோது தங்கம் வென்றவர்களில் ஒருவர் கியூபாவின் ஏஞ்சல் மாத்தோஸ். எட்டாண்டு கழித்து பெய்ஜிங்கில், காயத்துக்கு அனுமதிக்கப்பட்ட நேரத்தைக் கடந்துவிட்டதாகச் சொல்லி வெண்கலப் பதக்க ஆட்டத்தில் அவரைத் தகுதி நீக்கிய நடுவரின் முகத்தில் அவர் உதைத்தார். அவருக்கும் அவருடைய பயிற்சியாளருக்கும் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அதே விளையாட்டின் மறுபக்கத்தில் ஜோர்டானின் அஸ்ராக் அகதிகள் முகாம் இருக்கிறது. அங்கே அகதிகளின் குடியிருப்புகளுக்கு நடுவே டேக்வாண்டோ கற்றுக் கறுப்பு பெல்ட் பெற்ற சிரிய இளைஞர் யாஹ்யா அல் கோதானி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் கொடியை ஏந்தியவர்களில் ஒருவரானார். ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே தோற்றாலும் அவர் பெற்றது சிறிதன்று.

ஆகவே உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். முதலாவது, ஆட்டத்தை ஆட்டம் என்றும் தற்காப்பைத் தற்காப்பு என்றும் பெற்றோரிடமும் மாணவரிடமும் பிரித்துச் சொல்லுங்கள். கியோருகி ஒரு சிறந்த விளையாட்டு. அதற்காகவே வருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது போதும். தற்காப்பைத் தேடி வருபவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பாவது ஹோஷின்சுலுக்கு முழுமையாக ஒதுக்கப்பட வேண்டும். அதில் ஒருவர் விடாமல் பிடிக்க வேண்டும், இருவரின் எடையும் உயரமும் வேறுபட வேண்டும், சில நாள் டோபோக் சீருடை இல்லாமல் அன்றாட ஆடையிலும் செருப்பிலும் பழக வேண்டும். தப்பி ஓடுவதை வெற்றியாக எண்ணி மதிப்பெண் தர வேண்டும். கிஹாப்பைப் பொருளற்ற ஒலியாக மட்டும் விட்டுவிடாமல், "விடு", "தள்ளி நில்" என்ற சொற்களாகவும் அதே வயிற்றிலிருந்து எழுப்பப் பழக்க வேண்டும்.

தேர்வாளர்களுக்குத் தனியாக ஒன்று. கட்டணம் கட்டியவர் எல்லோரும் குறித்த நாளில் குறித்த நிறத்தைப் பெற்றுவிடுவார்கள் என்ற நிலை இருக்கும்வரை அந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று எங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. என் பெல்ட்டுகளில் ஒன்று, நீலம், எனக்குத் தகுதியில்லாதபோது தரப்பட்டது. அதை வாங்கிக்கொண்டதில் என் பங்கும் உண்டு. தேர்ச்சி தராமல் திருப்பி அனுப்புங்கள், எங்களுக்கு அதைத் தாங்கும் வலு இருக்கிறது. அந்த வலுவை உண்டாக்கத்தானே வந்தோம்?

மூன்றாவதுதான் எனக்கு மிக நெருக்கமானது. மாணவரைத் தொட்டுத் திருத்தும் முன் ஒரு சொல் கேளுங்கள். "காலைப் பிடிக்கட்டுமா?" என்பதைக் கேட்க ஒரு நொடிகூட ஆகாது. வேண்டாம் என்றால் விட்டுவிட்டு வேறு வழியில் காட்டிக்கொடுங்கள். ஹாப்கிதோவில் பூட்டு இறுகும்போது இரண்டு முறை தட்டினால் எதிராளி உடனே விட வேண்டும், அவர் எத்தனை டான் பெற்றவரானாலும் சரி. நம் கூடங்களில் அதற்கு ஈடாக ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. குமான். இப்போது அது மாஸ்டருக்கும் நடுவருக்கும் மட்டுமே உரிய சொல்லாக இருக்கிறது. அதை வெள்ளை பெல்ட் கட்டிய ஐந்து வயதுக் குழந்தைக்கும் கொடுங்கள்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல முடியும். முகாமில் நடந்ததை எங்கள் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் தம்மைக் காத்துக்கொண்டுதான் பேசினார், பயிற்சி என்றால் வலி இருக்கத்தான் செய்யும் என்றார். இரண்டு நாள் கழித்து, வகுப்பின் தொடக்கத்தில், யாருக்கு எப்போது வலித்தாலும் குமான் என்று சொல்லலாம், சொன்னால் அவர் உட்பட எல்லோரும் நிறுத்துவார்கள் என்று அறிவித்தார். ஒரு மாதம் எவரும் சொல்லவில்லை. முதலில் சொன்னவன் ஏழு வயதுப் பையன், சோதித்துப் பார்க்கும் குறும்போடுதான் சொன்னான். மாஸ்டர் நிறுத்தினார், கையை எடுத்தார், ஓரடி பின்னால் போனார். முழு வகுப்பும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சில வாரங்களில் குறும்புக்குச் சொல்வது தானாக நின்றுவிட்டது, தேவைக்குச் சொல்வது மட்டும் தங்கியது. வகுப்பு குலைந்துபோகவில்லை. கியோங்னே என்றதும் இப்போதும் அதே அமைதியோடு குனிகிறார்கள். மாஸ்டரும் எங்களுக்குத் திருப்பி வணங்குகிறார். முன்பும் வணங்கினார், இப்போது சற்றுக் கூடுதலாகக் குனிவதாக எனக்குத் தோன்றுகிறது, அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

என் இரண்டாம் டான் தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. கோர்யோ பூம்சேயில் என் பக்கவாட்டு உதை இன்னும் தாழ்வாகவே போகிறது, அதற்கான மதிப்பெண்ணைத் தயங்காமல் குறையுங்கள். ஹோஷின்சுலுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். என்னோடு ஒத்திகை பார்க்காத, என்னைவிட எடை கூடிய ஒருவரை அனுப்புங்கள். அவர் எந்தக் கையைப் பிடிப்பார் என்பதை எனக்கு முன்கூட்டிச் சொல்லாதீர்கள், நான் விடுவித்துக்கொள்ளும்வரை விடக்கூடாது என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவியரில் ஒருத்தி